தப்புக்குச் சொந்தக்காரர்

மெயில் நின்றுபோனதில் அந்தக் கம்பெனியிலேயே சந்தோஷப்பட்ட ஒரே ஆள், மெயிலுக்குப் பொறுப்பான ஆள்தான்.

அவரை எல்லோரும் போஸ்ட்மாஸ்டர் என்பார்கள். கம்பெனியின் மெயில் சர்வரைப் பத்தொன்பது வருஷமாகக் கட்டி மேய்ப்பவர். அனுப்பிய மெயில் போகாமல் திரும்பி வந்தால் அதன் தலையில் 'போஸ்ட்மாஸ்டர்' என்று ஒரு முகவரி இருக்குமே, அது அவருடையது. அம்மா அப்பா வைத்த பெயரை அவர் கையெழுத்துப் போடும்போது மட்டும் நினைத்துக்கொள்வார்.

தீப்பிடித்தாலும் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற கதவுகள் செய்யும் கம்பெனி அது. ஆனால் வரவேற்பறைச் சுவரில் 'நாங்கள் கதவுகள் செய்வதில்லை, வாய்ப்புகளைத் திறக்கிறோம்' என்று ஆளுயர எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். கதவு வாங்க வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, இடம் மாறி வந்துவிட்டோம் என்று திரும்பிப் போனதாக ஒரு வதந்தி உண்டு. கிளப்பிவிட்டவர் போஸ்ட்மாஸ்டர்.

சரி, சந்தோஷத்துக்கு வருவோம். காரணம் சகலை. மனைவியின் தங்கை புருஷன். மூன்று வருஷத்துக்கு முன்னால், "பாவம், அவருக்கு உங்க ஆபீஸ்லயே ஒரு வேலை பாத்துக் குடுங்களேன்" என்று மனைவி ஒரு மாதம் விடாமல் கேட்டதில், போஸ்ட்மாஸ்டரே சிபாரிசு செய்து உள்ளே இழுத்துப் போட்ட ஆள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிபாரிசுக் கடிதத்திலும் வைத்துக்கொள்ளலாம், செலவு இன்னும் குறைவு.

சகலை கெட்டவனாக இருந்திருந்தால் போஸ்ட்மாஸ்டருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவன் நல்லவன். வேலை தெரிந்தவன். போதாததற்குத் தலைமுடியும் இருந்தது. மாமியார் வீட்டுக் குழாய் சொட்டினால் அவனே ஸ்பேனரோடு போய் நிற்பான். 'பெரிய மாப்பிள்ளை' என்பது வயதுக்குக் கிடைத்த பட்டம். 'சின்ன மாப்பிள்ளை' என்று சொல்லும்போதுதான் மாமியார் குரலில் ஒரு கரண்டி சர்க்கரை கூடும். ஆபீசிலும் அதே கதை. கம்ப்யூட்டர் சம்பந்தமாக யார் என்ன எழுதினாலும் டைரக்டர் அதைப் படிக்காமலே சகலைக்குத் தள்ளிவிடுவார், மேலே 'தேவையானதைச் செய்யவும்' என்ற இரண்டே சொற்களோடு. முன்பெல்லாம் அந்த இரண்டு சொற்கள் போஸ்ட்மாஸ்டருக்கு வந்துகொண்டிருந்தன.

இந்த மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் ஓய்வு பெறுகிறார். ஜன்னல் வைத்த அறை, சாய்ந்தால் சாய்கிற நாற்காலி. மதிய இடைவேளையில் யாரும் இல்லாதபோது போஸ்ட்மாஸ்டர் அதில் இரண்டு முறை சாய்ந்து பார்த்திருக்கிறார். புதிய தலைவர் யார் என்று வெள்ளிக்கிழமை டைரக்டர் அறிவிப்பார். நாற்காலி ஒன்று, சகலைகள் இரண்டு பேர்.

அப்படிப்பட்ட வாரத்தின் திங்கட்கிழமை காலையில்தான் மெயில் நின்றுபோனது தெரிய வந்தது.

என்ன ஆயிற்று என்று போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்தது, அல்லது தெரிந்ததாக அவர் நினைத்துக்கொண்டார். மெயில் சர்வருக்குப் பெயர் தெரியும், வழி தெரியாது. எந்த நிறுவனத்துக்குக் கடிதம் போக வேண்டுமோ அதன் பெயரைச் சொல்லி, "இவருடைய எண் என்ன?" என்று டி.என்.எஸ். என்ற இன்னொரு இயந்திரத்திடம் கேட்கும். எண் கிடைத்தால்தான் கடிதம் கிளம்பும். இப்போது கேட்ட கேள்விக்கெல்லாம் 'பெயர் கிடைக்கவில்லை, பிறகு முயல்கிறேன்' என்று பதிவேட்டில் வரி வரியாக விழுந்துகொண்டிருந்தது. ஆபீசுக்குள்ளே மெயில் ஓடியது, வெளியே ஒன்றும் போகவில்லை. அதனால் மெயில் போகவில்லை என்று எல்லோரும் எல்லோருக்கும் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த டி.என்.எஸ். இயந்திரத்தைச் சனிக்கிழமைதான் மாற்றியிருந்தார்கள். மாற்றியது சகலை.

போஸ்ட்மாஸ்டர் ஒரு டீ எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

டெண்டர் பிரிவு மேடம் வந்து மேசை முன்னால் நின்றார். "போஸ்ட்மாஸ்டர் சார், என் மெயில் போகல."

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா டீ குடிக்கிறீங்க?"

"டீ போகுதே."

"சார், விளையாடாதீங்க. சாயங்காலம் நாலு மணிக்குள்ள ஆஸ்பத்திரி டெண்டர் போய்ச் சேரணும். பதிவு பண்ணின ஆபீஸ் முகவரியிலருந்து போனாத்தான் எடுத்துக்குவாங்க. எழுநூறு கதவு சார். போகலேன்னா எழுநூத்தி ஒண்ணாவது கதவைத் தொறந்துகிட்டு நான் வெளிய போயிட வேண்டியதுதான்."

"சனிக்கிழமை யாரு எதை மாத்தினாங்கன்னு விசாரிங்கம்மா. நான் யார் பேரையும் சொல்ல விரும்பல."

சொல்லவும் இல்லை. எந்த மாடி, எந்த மேசை, இன்றைக்கு என்ன நிறச் சட்டை என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மேடம் போனதும் டைரக்டருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். டைரக்டர் வெளிநாட்டில் ஏதோ கதவு மாநாட்டில் இருந்தார். அவருக்கு வருவதெல்லாம் வெளியே உள்ள அவருடைய சொந்த முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது. கடிதத்துக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. இரண்டு வருஷமாகக் குளிக்கும்போது மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்த கடிதம். அனுபவமின்மை, அவசர புத்தி, விளம்பர மோகம், மூத்தவர்களைக் கலந்து பேசாமை. "சொந்தக்காரர் என்பதால் இதுவரை பொறுத்தேன்" என்று முடித்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார். உடம்பு லேசானது.

மெயில் போகாத சர்வரில் மெயில் அனுப்பியிருக்கிறோம் என்பது இருபது நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. பத்தொன்பது வருஷ அனுபவம், வயிற்றெரிச்சலுக்கு முன்னால் எம்மாத்திரம்.

பரவாயில்லை, சரியானதும் தானாகப் போகும் என்று தேற்றிக்கொண்டபோது சகலை வந்தான். சட்டை அவர் சொன்ன அதே நிறம்.

"அண்ணே..."

"ஆபீஸ்ல சார்."

"சார், ஒரு நிமிஷம் பாருங்க. புது மெஷின் நல்லாத்தான் இருக்கு. மத்த எல்லா சர்வரும் அதைக் கேட்டுத்தான் வேலை செய்யுது. நீங்களே உங்க சர்வர்ல உக்காந்து ஏதாவது ஒரு பேரைக் கேட்டுப் பாருங்க."

போஸ்ட்மாஸ்டர் ஆஸ்பத்திரியின் பெயரைத் தட்டினார். எண் உடனே வந்தது. இன்னொரு பெயர், இன்னொரு எண். பதில் வந்த வேகம் அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய இயந்திரம் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லும். அதில் ஒரு மரியாதை இருந்தது.

"நான் கேட்டா சொல்லுது. மெயில் கேட்டா சொல்லல. உன் மெஷினுக்கு மெயில்னா அவ்வளவு இளக்காரமா?"

"அதான் சார் எனக்கும் புரியல. மெயில் வேற யாரையாவது கேக்குதோ?"

"பத்தொம்பது வருஷமா நான் பாக்கற மெயில். யாரைக் கேக்கும்னு நீ எனக்குச் சொல்றியா?"

சகலை ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஒன்றும் சொல்லாத குணம் இருக்கிறதே, அதற்குத்தான் மாமியார் கூடுதல் சர்க்கரை போடுவது.

மதியம் மனைவி போன் செய்தாள். "தங்கச்சி பேசினா. அவரு காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலையாம். நீங்க கொஞ்சம் கூட நின்னு பாத்துக் குடுங்களேன்."

"நான் சாப்பிட்டேனான்னு கேக்க மாட்டியா?"

"நீங்க என்னிக்கு சாப்பிடாம இருந்திருக்கீங்க?"

அவர் வாயிலிருந்ததை முழுங்கிவிட்டு போனை வைத்தார்.

இரண்டு மணிக்குக் கூட்டம். மேசை நடுவில் வைத்த ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து டைரக்டர் பேசினார். முதல் ஏழு நிமிஷம் சவால்கள் என்பவை உண்மையில் என்ன என்பதைப் பற்றி. சவால்கள் கதவுகளாம். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் கதவைப் பார்த்தார்கள், வெளியே போக.

போஸ்ட்மாஸ்டர் முறை வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், சனிக்கிழமை வரைக்கும் மெயில் போச்சு. சனிக்கிழமை பேர் பாக்கற மெஷினை மாத்தினாங்க. இன்னிக்குப் போகல. இதுக்கு மேல சொல்ல எனக்கு நாக்கு வரல. நம்ம பையன்தான், ஆர்வக் கோளாறு. பழைய மெஷினைத் திரும்பப் போட்டாப் போதும்."

"போட முடியாது சார்," என்றான் சகலை. "டிஸ்க்கைக் கழட்டித் துளை போட்டாச்சு. பழைய மெஷினை அன்னிக்கே அழிச்சுடணும்னு விதி இருக்கு."

"எந்த மடையன் போட்ட விதி அது?"

"நீங்க போட்டதுதான் சார்."

டெண்டர் மேடம் குனிந்து பேனாவைத் தேடினார். பேனா கையில்தான் இருந்தது.

பெட்டி கரகரத்தது. "எனக்குக் காரணம் வேண்டாம், தீர்வு வேணும். நாலு மணிக்குள்ள டெண்டர் போகணும். அஞ்சு மணிக்கு, இது யாரால நடந்துச்சுன்னு எனக்கு எழுத்துல வரணும். வெள்ளிக்கிழமை முடிவுக்கு அது உதவியா இருக்கும்." காரணம் வேண்டாம் என்றவருக்கு ஆள் மட்டும் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை என்ற சொல் காதில் விழுந்ததும் போஸ்ட்மாஸ்டருக்கு முதுகில் அந்த நாற்காலி லேசாகச் சாய்ந்தது.

மூன்று மணிக்கு சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குளிர், விசிறிகளின் இரைச்சல், மேசை மேல் அவருடைய தண்ணீர் பாட்டில். மெயில் நிரலை நிறுத்தி மறுபடி எழுப்பினார். போகவில்லை. இன்னொரு தரம். போகவில்லை. மூன்றாவது தரம், வேறு வழியில்லாமல், திரையில் ஓடுவதை முதல் வரியிலிருந்து படித்தார்.

நான்காவது வரி: 'நகல் எடுக்க முடியவில்லை. அனுமதி இல்லை.'

பக்கத்து வீட்டு நாய் குரைப்பதுபோல, மூன்று வருஷமாக ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கேட்டுக் கேட்காமலே போன வரி.

இந்தத் தடவை அந்த வரியின் காரணத்தைத் தேடிப் போனார்.

விஷயம் இதுதான். மெயில் நிரலைத் திருடர்களிடமிருந்து காப்பாற்ற, சர்வருக்குள்ளேயே ஒரு தனி அறையில் அடைத்து வைத்திருந்தார். உள்ளே இருப்பதற்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது. டி.என்.எஸ். இயந்திரம் எங்கே இருக்கிறது என்று எழுதிய சீட்டு வெளியே ஒன்று, அதன் நகல் உள்ளே ஒன்று. ஒவ்வொரு முறை நிரலை எழுப்பும்போதும் வெளிச் சீட்டைப் பார்த்து உள்நகல் தானாகப் புதுப்பிக்கப்படும். அவர் தட்டிக் கேட்டபோதெல்லாம் வெளிச் சீட்டு சரியாகப் பதில் சொன்னது. உள்நகல் மட்டும் புதுப்பிக்கப்படவில்லை. ஏனென்றால் அது பூட்டியிருந்தது. சாதாரணப் பூட்டும் இல்லை. சர்வரின் முழு அதிகாரம் கையில் இருப்பவரே வந்தாலும் ஓர் எழுத்து மாற்ற முடியாத பூட்டு. உள்ளே அடைபட்ட மெயில், டிஸ்க்கில் துளை விழுந்து செத்துப்போன இயந்திரத்தின் வாசலில் நின்று, சனிக்கிழமையிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

பூட்டியவர் போஸ்ட்மாஸ்டர். பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார்: 'யாரும் தொடக் கூடாது.' கீழே தேதி.

கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து. பூட்டைத் திறந்துவிட்டு, குறிப்பை அழித்துவிட்டு, "புது மெஷின்ல கோளாறு, நான்தான் சமாளிச்சேன்" என்று வெளியே போனால் ஈ காக்கைக்குத் தெரியாது. குறிப்பை அழிக்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

"கெடச்சுதா அண்ணே?"

சகலை எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்துக்கொண்டிருந்தான். படித்து முடித்தது அவன் மூச்சிலேயே தெரிந்தது.

"இது நான் வேலைக்குச் சேந்த தேதி."

போஸ்ட்மாஸ்டர் திரும்பவில்லை.

"அன்னிக்கு சாயங்காலம் எனக்கு டீ வாங்கிக் குடுத்தீங்க. நல்லா ஞாபகம் இருக்கு."

"வாங்கிக் குடுத்துட்டு வந்துதான் பூட்டினேன்," என்றார் போஸ்ட்மாஸ்டர். "நீ எதையாவது தொட்டுடுவியோன்னு."

"நான் தொடவே இல்லையே அண்ணே."

"அதான் இப்பப் பிரச்சினை."

பேச்சை மாற்ற, வெளியே போகக் காத்திருக்கும் கடிதங்களின் பட்டியலைத் திறந்தார். அது இன்னும் மோசமான யோசனை. இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். நடுவில் ஒரு வரியில் அனுப்புநர் போஸ்ட்மாஸ்டர், பெறுநர் டைரக்டர், நேரம் பதினொன்று ஐந்து. உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் சொல்லாது. மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதியைப் பார்த்தவனுக்குச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

சகலை அந்த வரியைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன் அண்ணே."

தண்ணீர் பாட்டில் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனான்.

அந்த நல்ல குணத்தை அப்படியே பிடித்துச் சுவரில் மோத வேண்டும்போல இருந்தது போஸ்ட்மாஸ்டருக்கு. ஆனாலும் அது தந்த ஒரு நிமிஷத்தை வீணாக்கவில்லை. டைரக்டருக்கு எழுதிய கடிதத்தைப் பட்டியலிலிருந்து நீக்கினார். பூட்டைத் திறந்தார். நகலைப் புதுப்பித்தார். மெயிலை எழுப்பினார்.

கடிதங்கள் மடை திறந்ததுபோல் பாய்ந்தன. டெண்டர் மூன்று நாற்பத்தேழுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று ஐம்பத்தொன்றுக்குப் 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்தது.

டெண்டர் மேடம் ஒரு டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இப்பக் குடிங்க சார்."

குடிக்க நேரமில்லை. ஐந்து மணிக்கு எழுத்தில் போக வேண்டும். போஸ்ட்மாஸ்டர் எழுதினார்: 'உள்நகல் பூட்டப்பட்டிருந்தது கண்டறியப்பட்டு, உரிய முறையில் சீர்செய்யப்பட்டது.' திரும்பப் படித்துப் பார்த்தார். வாக்கியத்தில் மனித வாடையே இல்லை. திருப்தியாக இருந்தது. அனுப்பப் போகும்போது சகலையின் கடிதம் முந்திக்கொண்டது. டைரக்டருக்கு. நகல் போஸ்ட்மாஸ்டருக்கு.

'இது என் தப்பு. சனிக்கிழமை மெஷினை மாற்றியபோது மெயில் தன்னுடைய நகலைப் புதுப்பித்துக்கொண்டதா என்று நான் சரிபார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. முழுப் பொறுப்பும் என்னுடையது. சார்தான் கண்டுபிடித்துச் சரிசெய்தார்.'

போஸ்ட்மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய நாற்காலி சாயாது, இருந்தாலும் சாய்ந்தார். தானாகவே தலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டானே. டீ ஆறியிருந்தாலும் தித்தித்தது.

தித்திப்பு ஒன்றரை நிமிஷம் இருந்தது. டைரக்டரின் பதில் வந்தது, ஆபீஸ் முழுவதற்கும்.

'தவறை ஒப்புக்கொள்ளும் துணிவே தலைமைப் பண்பு. இன்று நம்மில் ஒருவர், யாரும் கைகாட்டும் முன்பே தானே எழுந்து நின்று பொறுப்பேற்றிருக்கிறார். இப்படிப்பட்டவர்தான் கதவுகளைத் திறப்பவர். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கத் தேவையில்லை என்று கருதுகிறேன். பிரிவின் புதிய தலைவருக்கு வாழ்த்துகள்.' அதற்கும் கீழே, பேருந்தில் தொங்கிக்கொண்டு வருபவர்போல ஒரு வரி: 'சரிசெய்தவருக்கும் நன்றி.'

சகலையின் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. முதுகில் தட்டும் சத்தம் இங்கே வரை கேட்டது. மனைவியிடமிருந்து போன். அதற்குள் எப்படித் தெரிந்தது என்று கேட்பது வீண். "தங்கச்சி அழறா, சந்தோஷத்துல. அம்மா அவர் கிட்ட ரெண்டு நிமிஷம் பேசினாங்களாம். தப்பை ஒத்துக்கறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்? நீங்களும்தான் இருக்கீங்க, வீட்டுல கண்ணாடி டம்ளர் உடைஞ்சாக்கூட..."

போஸ்ட்மாஸ்டர் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கூட்டம் கலையும்வரை தூண் ஓரமாக நின்றுவிட்டுச் சகலையிடம் போனார்.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"எதை அண்ணே?"

"என் தப்பை."

சகலை விழித்தான். "உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"மூணு வருஷமாப் பூட்டி வெச்சவன் நான். எனக்குத் தெரியாம ஒரு எறும்பு உள்ள போயிருக்குமா? நீ சனிக்கிழமை ஒரு நாள் கவனிக்கலேன்னு சொல்லிட்டு மொத்தத்தையும் அள்ளிட்டுப் போறியா?"

"அண்ணே, மெதுவா."

"உன் தப்பு இதுல கால்வாசிகூடக் கிடையாது. இதுக்குத்தான் தலைமைப் பண்பா? அப்ப எனக்கு எவ்வளவு இருக்கணும்?"

பதிலுக்கு நிற்காமல் தன் இடத்துக்கு வந்து, வாழ்க்கையில் முதல் முறையாக மனித வாடையோடு ஒரு ஆபீஸ் கடிதம் எழுதினார். 'பூட்டியவன் நான். என் கையால், இன்ன தேதியில், இன்னாருடைய கை பட்டுவிடக் கூடாது என்ற எண்ணத்தில் பூட்டினேன். மூன்று வருஷம் எச்சரிக்கை வந்தும் படிக்கவில்லை. பழைய மெஷினை அழிக்கும் விதியும் என்னுடையதே. இந்தத் தவறில் வேறு யாருக்கும் பங்கில்லை. பதிவுகளைத் திருத்திக்கொள்ளவும்.' டைரக்டருக்கு அனுப்பினார். மெயில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு நொடியில் போய்விட்டது.

கால் மணி நேரம் கழித்துச் சகலை கையில் போனோடு வந்தான். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. வழக்கம்போல ஒன்றும் இல்லை.

"அண்ணே, இதை டைரக்டர் எனக்குத் தள்ளியிருக்காரு."

திரையில் போஸ்ட்மாஸ்டரின் கடிதம் முழுதாக இருந்தது. மேலே இரண்டே சொற்கள்: 'தேவையானதைச் செய்யவும்.'

"படிக்கலையா அவரு?"

"அவரு என்னிக்குப் படிச்சாரு?"

"என்ன செய்யப் போறே?"

சகலை போனை மேசை மேல் வைத்தான். "ஒரு நகல் எடுத்து வெச்சுக்கறேன். யாரும் அழிக்க முடியாதபடி. நீங்க போட்டிருந்தீங்களே ஒரு பூட்டு, அது எப்படிப் போடறதுன்னு எனக்குத் தெரியாது. சொல்லிக் குடுங்க."

மூன்று வருஷத்தில் அவன் வாயிலிருந்து 'தெரியாது' என்று வந்தது அதுதான் முதல் முறை. போஸ்ட்மாஸ்டர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு," என்றார். பொறுமையாக, ஒவ்வொரு எழுத்தாக, பூட்டுவதைச் சொல்லிக் கொடுத்தார்.

திறப்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.